தெல்தோட்டை மலையில் ஒரே பேச்சை இரண்டு தடவை பேசினேன்

கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேயிலையும் மலையும் பார்க்கப் போகிறார்கள். நான் போனது பேசுவதற்கு. பெப்ரவரிப் போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பேச்சுச் சங்கத்தார் என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பை நானே தெரிவு செய்தேன்: படிப்பை விட்டுப் பல வருடமான பெரியவர்களுக்காக அமெரிக்காவில் நடந்த பொதுச் சொற்பொழிவு இயக்கங்களின் வரலாறு.

“தோட்டத்திலை போய் இதையோ பேசப்போறாய்?” என்று என் தங்கை தொலைபேசியில் சிரித்தாள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நியூயோர்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் மகளுடன் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். அவள் ஒருநாள் ஷட்டாக்குவா என்ற ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சிற்றூரே பேச்சுக் கேட்பதற்காகக் கட்டப்பட்டிருக்கிறது. வீடுகளின் வராந்தாவில் கதிரை போட்டு உட்கார்ந்து, காலையில் கேட்ட பேச்சைப் பற்றி மத்தியானம் வரை வாதாடுகிறார்கள். எழுபது வயதுக்காரர்கள் குறிப்புப் புத்தகத்தோடு ஓடுகிறார்கள். நான் அசந்துபோனேன். திரும்பி வந்து ஒரு வருடம் அதைப் பற்றியே வாசித்தேன். காலஞ்சென்ற என் கணவர் எந்தக் கூட்டத்திலும் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். அவரையும் அங்கே விழித்திருக்க வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கன்னியாஸ்திரிகளிடம் படித்து, அவர்களுடைய பாடசாலையிலேயே முப்பத்து நான்கு வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வகுப்பிலிருந்து எந்தப் பிள்ளையும் விளங்காமல் எழுந்து போனதில்லை. இதைப் பணிவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது.

என்னை அழைத்தவர் கலைச்செல்வி. தோட்டத்தின் குழந்தைகள் காப்பகத்துக்குப் பொறுப்பானவர், நாற்பது வயதிருக்கும், சங்கத்தின் செயலாளரும் அவரே. திகதி, நேரம், பாதை எல்லாம் பேசி முடித்த பிறகு தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்.

“டீச்சர், எங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்குதுங்க. பேச்சு முடிஞ்சதும் டின்னுல இருந்து ஒரு பேர எடுப்போம். பேரு வந்தவங்க எந்திரிச்சு, கேட்டத அஞ்சு நிமிசத்துல திருப்பிச் சொல்லணும்.”

“நல்ல பழக்கம்தானே.”

“அவங்களால சொல்ல முடியலைன்னா, பேசுனவங்க மறுபடியும் பேசணுங்க.”

இப்படி ஒன்றை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. காரணம் கேட்டேன். “வர்றவங்க எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. நாங்களும் கை தட்டுறோம். லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து, என்னா சொன்னாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. கேட்டவங்க மேல மட்டும் குத்தம் சொல்ல முடியுங்களா?” என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். கடைசியாக வந்த மூன்று பேச்சாளர்களும் நகரத்துப் பெரியவர்கள். மறுபடி பேசச் சொன்னதும் மூவருக்கும் கோபம். ஒருவர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம். “இப்படியே போனா யாரும் வர மாட்டாங்கன்னு எங்க ஆளுங்க பயப்படுறாங்க. நீங்க பேசுற அன்னைக்கும் மனஸ்தாபம் வந்துச்சின்னா, அந்தப் பழக்கத்த அதோட விட்டுடுறதுன்னு முடிவு பண்ணிருக்கோம். எனக்குத்தான் மனசே இல்ல.”

“யோசிக்காதையும் பிள்ளை. எனக்கு ரெண்டாம் தரம் பேச வேண்டி வராது” என்றேன்.

இனிப் பயணம். போயா நாளில் பஸ் குறைவு, இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கண்டியில் பஸ் தரிப்பிடங்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே ஏறுவது என்று அன்று காலையிலேயே ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போய், வெயிலில் இருபது நிமிடம் நடந்தேன். பத்தேகாலுக்கு பஸ் புறப்பட்டது. கட்டணம் நூற்றெழுபது ரூபாய். பேராதனை தாண்டி, கலஹா வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது. பேராதனை வரை வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகிறவர்கள் நிறைந்திருந்தார்கள், அதன் பிறகுதான் இருக்கை கிடைத்தது. இடதுபக்க யன்னலோரம் உட்காருங்கள். கலஹாவுக்கு மேலே பாதை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் திறக்கிறது. ஆனால் வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்ப்பது நல்லது.

தெல்தோட்டைக் கடைத்தெருவில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சோறும் மீன் கறியும் ஐந்நூற்றைம்பது ரூபாய். சுத்தமான கடை. கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருந்தது. எனக்கு அதுதான் அளவுகோல்.

அங்கிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர் மேலே. முச்சக்கரவண்டிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார் நவ்ஷாத் என்ற ஓட்டுநர். கூட என்று சொல்ல வாயெடுத்தேன். பாதையைப் பார்த்த பிறகு சொல்லவில்லை. கல்லும் குழியும்.

“டீச்சர் சங்கத்துக்குப் பேச வந்தீங்களா?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“கையில பைல் ஈக்குதே. போன முறையும் ஒரு சேர் பைலோட வந்தார். மேல போகக்குள்ள வழியெல்லாம் கதை. திரும்பி வரக்குள்ள வாயே தொறக்கல்ல.”

“ஏனாம்?”

“திரும்பப் பேசச் சொல்லிட்டாங்களாம். நானும் சும்மா ஈக்காம, ‘என்னத்தப் பத்தி சேர் பேசினீங்க?’ எண்டு கேட்டுட்டேன். அதுக்கு என்னோடயும் கோவம்.”

நான் பைலை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

சங்கத்தின் மண்டபம் என்பது பழைய காப்பகக் கட்டடம். தகரக் கூரை, சீமெந்துத் தரை, பாதையிலிருந்து முப்பத்தெட்டுப் படி. பிடித்து ஏறக் கம்பி இல்லை. மழைக்காலத்தில் முழங்கால் நோவுள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். உள்ளே அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், பெண்களே அதிகம். போயா நாள் என்பதால் கொழுந்தெடுக்கும் வேலை இல்லை. சமைத்து முடித்து, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். இரண்டு மணிக்குத் தொடங்கும் என்று சொன்ன கூட்டம் இரண்டு மணிக்கே தொடங்கியது. இலங்கையில் இதை நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரியின் காலத்தில். தலைவர் பெருமாள், தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னை இரண்டே வசனத்தில் அறிமுகம் செய்துவிட்டு உட்கார்ந்தார். அதுவும் பிடித்தது.

நான் எழுதிக் கொண்டுபோன கட்டுரையை வாசித்தேன். நாற்பத்தைந்து நிமிடம். 1826இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் முதலாவது லைசியம் என்ற கற்றல் சங்கம் தோன்றியது, அது எப்படி மாநிலம் மாநிலமாகப் பரவியது, 1874இல் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய கோடைகால முகாம் எப்படி எல்லோருக்குமான கல்வியாக விரிந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடாரம் கட்டி ஊர் ஊராகப் போன சொற்பொழிவுக் குழுக்கள், பிறகு வானொலியும் சினிமாவும் மோட்டார் காரும் வந்து அவை ஓய்ந்த விதம். ஒரு வருடமும் பிழையில்லை. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. அறுபது பேரும் அசையாமல் கேட்டார்கள். முடித்தபோது நன்றாகக் கை தட்டினார்கள்.

கலைச்செல்வி பிஸ்கட் டின்னைக் குலுக்கி ஒரு துண்டை எடுத்தார். “லெட்சுமி.”

“லெட்சுமிக்கா, இன்னக்கி மாட்டுனீங்க!” என்று பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

“சும்மா இருடி. ஒன் பேரும் அந்த டின்னுக்குள்ளதான் கெடக்கு” என்று சொல்லிக்கொண்டே ஐம்பது வயதுள்ள ஒரு பெண் எழுந்தார். கொழுந்தெடுப்பவர். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தார்.

“டீச்சரு நல்லாப் பேசுனாங்க. சத்தமா, தெளிவாப் பேசுனாங்க. அமெரிக்காவப் பத்திப் பேசுனாங்க. வருசம் நெறைய சொன்னாங்க.” நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். “பொய் சொல்லக் கூடாது. அதுக்கு மேல எனக்கு ஒன்னும் ஏறலீங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கலைச்செல்வி பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். பெருமாள் அவசரமாக எழுந்தார். “டீச்சர் தூரத்துல இருந்து வந்திருக்காங்க. வயசானவங்க வேற. இன்னைக்கு அத விடுவோம். டீ கொண்டாங்கம்மா.”

எனக்குக் கோபம் வந்தது. முதலில் லெட்சுமியின் மேல், பிறகு அந்த டின்னின் மேல், கடைசியில் ‘வயசானவங்க’ என்ற சொல்லின் மேல். தேநீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போக மரியாதையான ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் ஒன்று தெரியும், எனக்கும் தெரியும்: எனக்காக அன்று அதை விட்டுவிட்டால் பிறகு யாரிடமும் கேட்க முடியாது. விளங்கவில்லை என்று எழுந்து சொல்லும் உரிமை அந்தத் தேநீரோடு முடிந்துவிடும்.

“தேத்தண்ணி பிறகு குடிப்பம்” என்றேன். “லெட்சுமி, நீர் இரும். எந்த இடத்திலை விட்டுப்போச்சு எண்டு மட்டும் சொல்லும்.”

அவர் யோசித்தார். “அந்த ஏரி வந்துச்சே, அதுக்கு முன்னாடியேங்க. மொதல்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்கன்னீங்க. எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு சொல்லவே இல்லீங்களே டீச்சர்? வேல முடிஞ்சு வீட்டுல படுக்காம, அவங்க எதுக்கு அங்க வந்தாங்க?”

கட்டுரையின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். வருடம் இருந்தது. மாநிலம் இருந்தது. சங்கங்கள் பரவிய ஒழுங்கு இருந்தது. மனிதர்கள் எதற்காக வந்தார்கள் என்பது எந்த வரியிலும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்ததால் எழுத மறந்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடமும் எத்தனை வகுப்பில் இதே வேலையைச் செய்தேனோ என்ற எண்ணம் வந்தது. பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகள் என்னிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பைலை மூடிக் கதிரையில் வைத்துவிட்டு இரண்டாம் முறை எழுந்தேன்.

இந்த முறை குளிர்காலத்திலிருந்து தொடங்கினேன். பனி விழுகிறது, வயலில் வேலை இல்லை, இரவு நீளம். ஊரில் கமக்காரர், கொல்லர், தச்சர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போனது சின்ன வயதில் கொஞ்சக் காலம். கையில் தொழில் இருக்கிறது. அது ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? இந்த மண்ணில் ஏன் விளைச்சல் குறைகிறது? ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம் என்று கூடினார்கள். கல்லைப் பற்றித் தெரிந்தவர் கற்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடுத்த முறை இன்னொருவர். பிற்காலத்தில் ரயில் பாதைகள் வந்தன, புகழ்பெற்ற பேச்சாளர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள். பெண்களும் மேடை ஏறினார்கள், அடிமை முறையை எதிர்த்தவர்களும் ஏறினார்கள். அதே நேரம் சில ஊர்ச் சங்கங்கள் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தன. அப்படிப்பட்ட இடத்தில் பேச மாட்டோம் என்று சொன்ன பேச்சாளர்களும் இருந்தார்கள். அதை மறைக்காமல் சொன்னேன்.

பிறகு ஏரிக்கரை. அங்கே வர வசதியில்லாதவர்களுக்காக, வீட்டில் இருந்தே நான்கு வருடம் வாசிக்கும் படிப்பு ஒன்றை வைத்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சமையலும் சலவையும் முடித்து வாசித்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, வாசித்ததைப் பேசினார்கள். நான்கு வருடம் முடித்தவர்களுக்கு ஏரிக்கரையில் ஒரு நாள். அவர்களுக்காக மட்டும் திறக்கும் ஒரு வாயில் வழியே வரிசையாக நடந்து போனார்கள். நான் அந்த வாயிலைப் பார்த்திருக்கிறேன்.

இருபது நிமிடத்தில் முடித்தேன். ஒருவரும் கேட்காமலே லெட்சுமி எழுந்துவிட்டார்.

“இப்ப சொல்றேங்க. அவங்களும் நம்மளப் போலத்தான், கையால வேல செஞ்சவங்க. குளிருல வேல இல்லாதப்ப, தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. கல்லு தெரிஞ்சவரு கல்லக் கொண்டாந்தாரு. பொம்பளைங்க சட்டி பானையெல்லாம் கழுவி வச்சிட்டு நாலு வருசம் படிச்சாங்க. படிச்சவங்களுக்குன்னு ஒரு கதவு தொறந்தாங்க. கறுப்பா இருந்தவங்கள சில ஊருல சேத்துக்கல. பொறவு பெரிய பெரிய ஆளுங்க ரயிலேறி வந்து பேச ஆரம்பிச்சதும், ஊருக்காரங்க பேசுறத விட்டுட்டுச் சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துட்டாங்க. அதுதான் தப்பாப் போச்சு.”

“பொறும்” என்றேன். “தப்பு எண்டு நான் சொல்லேல்லையே.”

“நீங்க சொல்லலீங்க டீச்சர். அத நான் சொல்றேன்.”

மண்டபம் குலுங்கச் சிரித்தது. பின்வரிசைக்காரி, “லெட்சுமிக்காவுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் குடுங்க!” என்றாள். பெருமாள் என் பக்கம் திரும்பினார். பேச்சாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பேச்சு பதிவுப் புத்தகத்தில் ஏறும். “டீச்சர், சேத்துச் சொல்லிட்டாங்க. பரவாயில்லீங்களா?”

பரீட்சையில் கேட்டதற்கு மேல் எழுதினால் புள்ளி வெட்டியவள் நான். ஆனால் லெட்சுமி சொன்னதில் பிழையில்லை. நான் ஒரு வருடம் வாசித்த புத்தகங்களும், சுற்றி வளைத்து, அதே இடத்துக்குத்தான் வருகின்றன. ஊரார் ஒருவருக்கொருவர் படிப்பித்த சங்கம், நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும் மண்டபமாக மாறியது. எனக்கு அந்த மேடைகளின் மேல் இருந்த மயக்கத்தில் அதை நான் அழுத்திச் சொல்லவில்லை.

“ஓம், சரி” என்று கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் ‘இரண்டாம் தடவை’ என்று கலைச்செல்வி எழுதும்வரை பார்த்திருந்தேன். சின்ன எழுத்தில் எழுதப் பார்த்தார். “வடிவாய் எழுதும், எல்லாருக்கும் தெரியட்டும்” என்றேன்.

பழக்கத்தைத் தொடர்வதா என்று பெருமாள் கை உயர்த்தச் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். “ஒரு மாசம் வெளியாளு, ஒரு மாசம் நம்ம ஆளு பேசணும்” என்று லெட்சுமி தொடங்கினார். “அப்ப அடுத்த போயா நீங்களே பேசுங்கக்கா” என்றாள் பின்வரிசைக்காரி. எதைப் பற்றி என்று பெருமாள் கேட்டார். லெட்சுமி அதிகம் யோசிக்கவில்லை. “அட்டையப் பத்தி. முப்பது வருசமா எங்கால்ல ரத்தம் குடிச்சிருக்கு. என்னையவிட யாருக்குத் தெரியும்?”

எழுதிக்கொண்டார்கள். பிறகுதான் தேநீர் வந்தது. நல்ல தேநீர், இஞ்சி போட்டது.

மாலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து ஏழேகாலுக்குக் கண்டி வந்தேன். அதற்கு முன், தோட்டத்திலிருந்து முச்சக்கரவண்டியில் கீழே இறங்கும்போது நவ்ஷாத், “டீச்சர் என்னத்தப் பத்திப் பேசினீங்க?” என்றார். ஆறு கிலோமீட்டரும் சொன்னேன். கடைத்தெருவில் இறக்கிவிட்டபோது, ஏரிக்கரையில் அந்த வாயில் இன்னமும் திறக்கிறதா என்று கேட்டார்.

அமெரிக்காவின் அந்த மேடைகளை நான் இப்போதும் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் ஊராரே ஒருவருக்கொருவர் பேசிய அவற்றின் முதல் இருபது வருடத்தில் என்ன இருந்ததென்று ஏரிக்கரையில் நின்றபோது எனக்கு விளங்கவில்லை. தகரக் கூரையின் கீழே விளங்கியது. விளங்கவில்லை என்று ஒருவர் எழுந்து சொல்வதும், சொல்லப்பட்டவர் அதைத் தாங்கிக்கொள்வதும் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய மண்டபத்திலும் நடப்பது கைதட்டல் மட்டும்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு: சங்கம் போயா நாளில் இரண்டு மணிக்குக் கூடுகிறது, யாரும் போகலாம், கட்டணம் இல்லை. போய்வரச் செலவு, சாப்பாட்டோடு, மூவாயிரத்து முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். தண்ணீர்ப் போத்தலும், தடித்த அடியுள்ள செருப்பும், மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பும் கொண்டுபோங்கள். கழிப்பறை மண்டபத்துக்குப் பின்னால் பன்னிரண்டு படி கீழே, சுத்தமாக இருக்கிறது. கேட்கப் போனாலும் உங்கள் பெயரைத் துண்டில் எழுதி டின்னில் போடச் சொல்வார்கள், ஆகவே தூங்க முடியாது.

பேசப் போகிறவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் தயார் செய்ய வேண்டாம். இரண்டாம் தடவை எழுந்து நிற்க மனமில்லாதவர்கள் கட்டுரையைத் தபாலில் அனுப்பலாம். கூடி உட்கார்ந்து வாசித்துவிட்டுப் பதில் போடுவார்கள். விளங்காத இடங்களையும் எழுதி அனுப்புவார்கள்.